பதினோராம் பக்கத்து வரி

அன்புள்ள தங்கைக்கு,

அக்கா எழுதுவது. நான் நலம். முட்டி மட்டும் மாடிப்படியைக் கண்டால் முனகுகிறது. அறுபத்தொரு வயதாகிறது, முனகட்டும். நீயும் உன் வீட்டுக்காரரும் பிள்ளைகளும் அங்கே நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

அம்மாவின் நினைவு மலர் தபாலில் வந்து சேர்ந்தது. பதினாறு பக்கத்தையும் இரண்டு முறை படித்துவிட்டேன். 'அக்கா, நீதான் பிழை பாத்துக் குடுக்கணும், உன்னை விட்டா யாரு' என்று மேலே ஒரு துண்டுச் சீட்டு ஒட்டியிருந்தாய். முப்பத்துநான்கு வருஷம் அச்சகத்தில் சிவப்புப் பேனா பிடித்தவளிடம் கேட்பது நியாயம்தான். முப்பத்தொரு பிழைகள், ஓரத்தில் குறித்திருக்கிறேன். அம்மாவின் வயதை மூன்று இடத்தில் மூன்று விதமாகப் போட்டிருக்கிறாய், தொண்ணூற்றொன்று என்பதுதான் சரி. எட்டாம் பக்கத்துப் படத்தில் முதுகைக் காட்டி நிற்பது அம்மா இல்லை, எதிர்வீட்டு நர்ஸ். அம்மாவின் கோட்டு அவரிடம் போன பிறகு தெருவில் பாதிப் பேருக்கு அந்தக் குழப்பம் இருந்தது, உன்னைக் குற்றம் சொல்வதற்கில்லை.

அச்சகத்தில் சேர்ந்த முதல் நாளே முதலாளி எனக்கு ஒன்று சொன்னார். 'நீ பிழைய மட்டும் பாரும்மா, பொய்யப் பாக்காத. பொய்ய அச்சில பாக்கணும்னுதான் அவங்க நம்மகிட்ட வர்றாங்க' என்றார். தேர்தல் நோட்டீஸ், பாராட்டு மடல், இரங்கல் மலர் என்று எத்தனையோ கையைக் கடந்து போயின, நான் அந்த விதியை மீறியதில்லை. இந்த ஒரு தடவை மீறுகிறேன். பதினோராம் பக்கத்தில் ஒரு வரியை நீ எடுத்துவிட வேண்டும். அதற்காகத்தான் இந்தக் கடிதம். போனில் சொல்லியிருக்கலாம். போனில் நீ அழுவாய். நீ அழுதால் நான் சொல்ல வந்ததை விழுங்கிவிட்டு, 'சரி விடு, சாப்பிட்டியா' என்று கேட்டுவிடுவேன். இத்தனை வருஷமும் அப்படித்தான் போயிற்று.

முன்னுரையில் அம்மாவைப் போல் இன்னொருத்தி பிறக்கப் போவதில்லை என்று எழுதியிருக்கிறாய். அதை நான் தொடவில்லை. அப்பா போனபோது அம்மாவுக்கு முப்பத்திரண்டு வயது. கையில் இரண்டு வயதுக் குழந்தையாக நான், ஒரு தையல் மெஷின், படித்துக்கொண்டிருந்த மூன்று கொழுந்தன்மார். ரொட்டிக் கடைக்கு மேலே இரண்டு அறையும் ஒரு சமையலறையும். அதற்குள் அத்தனை பேரையும் ஆளாக்கினாள், பிறகு ஒன்பது வருஷம் படுக்கையில் கிடந்த தன் மாமியாரையும் பார்த்துக்கொண்டாள். பள்ளிக்கூடச் சீருடை தைத்தே பிழைத்தாள். அதில் மிஞ்சிய துணியை ஒட்டுப் போட்டு, சட்டையில்லாத பிள்ளைகளுக்குத் தைத்துக் கொடுத்தாள். அம்மாவை எடுத்துப் போன அன்று ஒரு பஸ் டிரைவர் நடுத்தெருவில் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கி வந்தார். 'நான் மொத மொதல்ல போட்ட முழுச் சட்டை இவங்க தெச்சதுங்க' என்று சொல்லிவிட்டு, பின்னால் ஹாரன் அடிக்க அடிக்க நின்று அழுதார். அது பொய்யில்லை. அதை நீ சேர்க்கவில்லை, சேர்த்துக்கொள்.

ஐந்தாம் பக்கத்தில் 'தாம் உண்ணாமல் பிறரை உண்பித்தவர்' என்கிறாய். அம்மா நன்றாகச் சாப்பிட்டாள். பட்டினி கிடந்து யாரும் தொண்ணூற்றொரு வயது வாழ முடியாது. வந்தவர்களோடு உட்கார்ந்து பேசிச் சிரித்துச் சாப்பிடுவாள், அவளுக்கு அது பிடிக்கும். உண்ணாமல் இருந்தது யார் என்று அந்தச் சமையலறைச் சட்டியைக் கேட்டால் சொல்லும். இரண்டு பேருக்கு என்று ஆக்கியதை ஏழு பேருக்கு வைத்துவிட்டு அடியில் ஒட்டியதைச் சுரண்டியவள் நான். இருந்தாலும் அந்த வரியை நான் விட்டுவிட்டேன், போகட்டும். இரங்கல் மலரில் எல்லோரும் உண்ணாமல்தான் இருப்பார்கள்.

இரண்டாம் பக்கத்தில் 'அவர் வீட்டுக் கதவு என்றும் பூட்டப்பட்டதில்லை' என்று இருக்கிறது. அது முழு உண்மை. பூட்டு இல்லை. சலவைக் கடைக்காரர் ஒருநாள் மேலே வந்தவர், 'பூட்டு நல்லா கனமா இருக்கேம்மா' என்றார். அம்மா 'எடுத்துக்கோ' என்றாள். அதற்கப்புறம் பதினோரு வருஷம் நம் கதவைச் சாத்தி வைத்தது ஒரு செங்கல். தெருவே அவளுக்கு 'எடுத்துக்கோம்மா' என்று பெயர் வைத்திருந்ததை மலரில் பெருமையாகப் போட்டிருக்கிறாய். வைத்தவர்களில் பாதிப் பேர் எடுத்துக்கொண்டவர்கள்.

உனக்குத் தெரியாததையா எழுதுகிறேன். ஒரு பொருளைப் பார்த்து யாராவது 'நல்லா இருக்கே' என்று சொன்னால் அடுத்த நிமிஷம் அது அவர்களுடையது. அது யாருடையது என்று அம்மா பார்க்க மாட்டாள். என் சைக்கிள் அப்படித்தான் போயிற்று. பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கிய அகராதி போயிற்று. முதல் சம்பளத்தில் வாங்கிய ரேடியோ ஒரு வாரம் பாடியது, பிறகு ரொட்டிக் கடையில் பாடியது, நான் மாடியிலிருந்து கேட்டேன். ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்று கடைசிச் சித்தப்பா முணுமுணுப்பார், அதுவும் அம்மா காதில் விழாமல். அவர்தான் அந்த உபாயத்தையும் கண்டுபிடித்தவர். வாங்கின அன்றே புதுச் செருப்பைக் காட்டி, 'குதிகால கடிக்குது, சனியன்' என்பார். கடிக்கிற செருப்பை யார் கேட்பார்கள்? செருப்பு நாலு வருஷம் அவரிடமே இருந்தது.

அவரைப் பார்த்து நாங்கள் எல்லோரும் பழகிக்கொண்டோம். பிடித்த ஸ்வெட்டர் அரித்தது, பிடித்த பேனா கசிந்தது, பிடித்த தலையணையில் மூட்டைப்பூச்சி இருந்தது. நம் வீட்டுக்கு வந்து போகிறவர்கள், அம்மா தங்கம், ஆனால் மற்றதெல்லாம் எதிலும் திருப்திப்படாத ஜென்மங்கள் என்று பேசிக்கொண்டார்கள். பதினைந்து வயதில், உன் அம்மா, என் சித்தி, போன மறுவாரம், ஒரு தகரப் பெட்டியோடு நீ வந்தாய். வந்த நாலாம் நாள் உன் அம்மா வாங்கிக் கொடுத்த சீப்பை விருந்தாளிப் பெண் ஒருத்தி எடுத்துப் பார்த்தாள். அவள் வாய் திறப்பதற்குள் நான் உன் இடுப்பில் கிள்ளி, 'பல்லு ஒடிஞ்சதுன்னு சொல்லு' என்றேன். நீ சொன்னாய். அன்று படுக்கையில் நாம் இரண்டு பேரும் போர்வைக்குள் அடக்க முடியாமல் சிரித்தது உனக்கு நினைவிருக்கும். நீ என்னைவிடக் கெட்டிக்காரி. ஒரே மாதத்தில், ஓட்டையே இல்லாத குடையை ஓட்டைக் குடை என்று நாலு பேர் முன்னால் சொல்லக் கற்றுக்கொண்டாய்.

இனி பதினோராம் பக்கம். நீ எழுதியிருப்பதை அப்படியே இங்கே எடுத்து எழுதுகிறேன். 'தம் சொந்த மகளுக்கென வந்த வரனை, மகள் விரும்பாததால், தாயில்லாத எனக்கு மணமுடித்து வைத்த பெருமனம் பெரியம்மாவுடையது.' இதில் எழுத்துப் பிழை எதுவும் இல்லை. நினைவுக் கூட்டத்தில் மலரை மேடையில் வாசிக்கப் போவது உன் வீட்டுக்காரர் என்றும் எழுதியிருக்கிறாய். இருநூறு பேர் முன்னால், மைக்கில், அவர் வாயால் இந்த வரி வரக் கூடாது. வரக் கூடாது என்று மட்டும் எழுதிவிட்டு நிறுத்தத்தான் நினைத்தேன். நீ ஏன் என்று கேட்பாய்.

அவர் அப்போது எங்கள் அச்சகத்துக்கு மெஷின் பழுது பார்க்க வருவார். மாதம் ஒரு தடவை வர வேண்டியவர் வாரம் ஒரு தடவை வந்தார். மெஷின் அவ்வளவு கெட்டுப் போகவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு என் மேஜைப் பக்கம் வந்து, நான் முடித்து வைத்த தாளை எடுத்துப் படித்து, நான் விட்ட பிழை ஒன்றைக் கண்டுபிடித்துச் சுட்டு விரலால் தொட்டுக் காட்டுவார். அந்த இடத்தில் மை ஒட்டிக்கொள்ளும். அதற்காகவே சில சமயம் ஒரு பிழையைத் திருத்தாமல் வைத்திருப்பேன். இரண்டு வருஷம் இவ்வளவுதான் நடந்தது. ஒரு நாள், 'அம்மாவ உங்க வீட்டுக்குக் கூட்டிட்டு வரட்டுமா' என்றார். 'வாங்க' என்றேன். அதைத் தவிர நாங்கள் வேறு ஒன்றும் பேசிக்கொண்டதில்லை. எனக்கு அவரை உயிர். இதை எழுத முப்பத்தைந்து வருஷம் ஆகியிருக்கிறது.

வந்தார்கள். முன்னறையில் அவரும் அவர் அம்மாவும், சமையலறையில் நாம் மூன்று பேர். நடுவில் தோள் உயரத்துக்கு ஒரு சுவர், மேலே வெறும் வெளி. நீ கோப்பைகளை அடுக்கிக்கொண்டிருந்தாய். அம்மா என் பக்கம் திரும்பி, 'எப்படிடி இருக்கான்' என்றாள். நான் என்ன சொன்னேன் என்று உனக்கு நன்றாகத் தெரியும். 'நடையப் பாரு, கொக்கு மாதிரி. சிரிச்சா ஈறு வேற தெரியுது. ஒரு சட்டைய ஒழுங்கா போடத் தெரியல.' இதைக் குரலை இறக்கிக்கூடச் சொல்லவில்லை. இது என்னுடையது என்று மனம் ஒன்றைத் தொட்டாலே வாய் தானாக அதை மட்டம் தட்டப் பழகியிருந்தது. நுணலும் தன் வாயால் கெடும். அம்மா உன் பக்கம் திரும்பினாள். 'உனக்கு எப்படிடி' என்றாள். நீ, 'நல்லா இருக்காரு பெரியம்மா' என்றாய்.

அம்மா முன்னறைக்குப் போனாள். 'பெரியவளுக்கு மனசு ஒட்டல போலிருக்கு. சின்னவளும் எனக்குப் பொண்ணுதான், பாருங்க' என்றாள். அவர் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து அத்தனையையும் கேட்டிருக்கிறார். நான் தேநீரோடு போனபோது நிமிர்ந்து ஒரு தடவை என்னைப் பார்த்தார். அப்போதே தட்டை வைத்துவிட்டு, எனக்கு இவரைப் பிடித்திருக்கிறது என்று சொல்லியிருக்கலாம். நம் வீட்டில் அந்த வார்த்தையைத் தனக்காகச் சொல்லி யாருக்கும் பழக்கமில்லை. கோப்பையில் சர்க்கரை போட்டேனா என்று ஞாபகமில்லாமல் இரண்டாவது தடவையும் போட்டேன். அவர் அதைக் குடித்தார். அச்சகத்துக்கு அதன் பிறகு வேறு மெக்கானிக் வந்தார்.

அது விபத்து என்றுதான் நான் இத்தனை நாளும் வைத்திருந்தேன். என் வாய், என் விதி. அம்மா பாவம், சொன்னதை நம்பினாள், அவள் வெள்ளை மனசு. இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டுதான் நான் அவளுக்குச் சோறு போட்டேன், துணி துவைத்தேன், உங்கள் கல்யாணத்துக்கு இரண்டு ராத்திரி உட்கார்ந்து உன் உடுப்புக்குப் பட்டன் தைத்தேன். நீங்கள் கப்பலேறிப் போனபின் அவர் போனில் என்னிடம் மாதம் ஒரு வாக்கியம் பேசுவார். நீ கூப்பிடுவதைப் பார்த்து அவரும் என்னை 'அக்கா' என்கிறார். என்னைவிட மூன்று வயது மூத்தவர். அதையும் பொறுத்துக்கொண்டேன்.

அம்மா போகிறதற்கு இருபது நாள் முன்னால், ஒரு காலை வேளை, ஜன்னலோரம் உட்கார வைத்து அவளுக்கு நகம் வெட்டிக்கொண்டிருந்தேன். அவளுக்குக் கடைசிவரை புத்தி தெளிவாக இருந்தது என்று மலரில் எழுதியிருக்கிறாய், அதுவும் உண்மை. அவளாகவே ஆரம்பித்தாள். 'அந்தப் பையன் உனக்குப் புடிச்சவன்னு எனக்குத் தெரியும்டி' என்றாள். எந்தப் பையன் என்று நான் கேட்கவில்லை. 'நீ ஒண்ண மட்டம் தட்டினா அது உனக்கு உசுருன்னு பெத்தவளுக்குத் தெரியாதா? உங்க சித்தப்பன் செருப்பு கடிக்கலைன்னும் எனக்குத் தெரியும். அவளுக்கு யாருடி இருந்தா? உனக்கு நான் இருந்தேன்' என்றாள்.

நகவெட்டியைக் கீழே வைத்துவிட்டேன். அறுபத்தொரு வயதில் முதல் தடவையாக அவளை எதிர்த்துப் பேசினேன். 'குடுக்கறவங்க தன்னோடதக் குடுக்கணும்மா' என்றேன். அவள் கோபப்படவில்லை. என்னை ஏதோ கணக்குத் தெரியாத குழந்தையைப் பார்ப்பது போல் பார்த்து, 'நீ என்னோடதுதானே' என்றாள். பிறகு மிச்சமிருந்த விரல்களை நீட்டினாள். வெட்டி முடித்தேன்.

உன்னைக் கொடுத்தாள், என்னை வைத்துக்கொண்டாள். வீட்டுக்கு வருகிறவர்களுக்கு ஆக்கிப் போட யாராவது வேண்டுமே. கொடுத்த கை அவளுடையது, சுமந்த முதுகு என்னுடையது. நினைவு மலர் முதுகைப் பற்றி எழுதுவதில்லை. அந்த இருபது நாளும் நான் அவளைக் கோபத்தோடு துடைத்தேன், கோபத்தோடு புரட்டிப் படுக்க வைத்தேன், கோபத்தோடுதான் ஊட்டினேன். பாலின் சூட்டை மட்டும் என் கையில் விட்டுப் பார்த்துவிட்டு ஊட்டினேன். அவளை வெறுக்க முடிந்திருந்தால் நிம்மதியாக இருந்திருப்பேன். போன பிறகும் அந்த ஜன்னல் பக்கம் போனால் அழுகை வருகிறது, அதுவும் எனக்கு எரிச்சலாக இருக்கிறது.

உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும் என்று பேனாவை எடுத்தபோது நினைத்தேன். சமையலறையில் நீ சொன்ன அந்த ஒரு வாக்கியம். ஆறு வருஷம் அந்த வீட்டில் இருந்தவள் நீ. நல்லா இருக்கு என்று சொன்னால் என்ன ஆகும் என்பதும், பிடித்ததை நான் எப்படிப் பேசுவேன் என்பதும் உனக்குத் தெரியாததல்ல. ஆனால் நான் கேட்கப் போவதில்லை. கேட்டால் நீ ஏதாவது பதில் சொல்ல வேண்டியிருக்கும். தெரியாது என்று நீ சொன்னால் நான் நம்ப மாட்டேன். தெரியும் என்று சொன்னால் எனக்கென்று இருக்கிற ஒரே தங்கையும் போய்விடுவாள். இருபத்தொரு வயதில், தாயும் இல்லாமல், அடுத்தவர் வீட்டுச் சோற்றைத் தின்றுகொண்டிருந்தவள் அப்படிச் சொல்லாமல் வேறு என்ன சொல்லியிருக்க முடியும் என்று சில நாள் உன் பக்கம் நின்றும் யோசித்துப் பார்க்கிறேன். எல்லா நாளும் முடிவதில்லை.

ஆகவே அந்த வரி வேண்டாம். 'எனக்குத் திருமணம் செய்து வைத்தவரும் பெரியம்மாவே' என்று போடு, போதும். இடம் மிஞ்சினால் பஸ் டிரைவர் சங்கதியை அங்கே இழுத்துவிடச் சொல், பக்கம் சரியாக வரும். மற்றபடி மலர் நன்றாக வந்திருக்கிறது. அட்டைப்படத்தில் அம்மா கண்ணாடியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஊசியில் நூல் கோக்கிறாளே, அந்தப் படத்தை எங்கே பிடித்தாய்? பெரிதாக ஒரு பிரதி எடுத்து வா, முன்னறையில் மாட்டலாம். கூட்டத்துக்கு வாசகசாலை மாடியைச் சொல்லி வைத்திருக்கிறேன். நாற்காலி நூற்றைம்பது தருவார்கள், மீதிக்கு ரொட்டிக் கடைக்காரர் பெஞ்சுகள் தருகிறார். மலரை வாசிக்க அச்சகத்தில் பழைய அச்சுக் கோப்பவர் இருக்கிறார், குரல் இன்னும் கணீரென்று இருக்கிறது, கேட்டதற்கு ஒப்புக்கொண்டார்.

இந்தக் கடிதத்தை உன் வீட்டுக்காரரிடம் காட்டாதே. படித்தவுடன் கிழித்துவிடு. பதிலும் எழுத வேண்டாம்.

பிள்ளைகளுக்கு என் அன்பைச் சொல். நீங்கள் இரண்டு பேரும் ஒருவரையொருவர் விட்டுப் பிரியாமல், நோய் நொடி இல்லாமல், அம்மாவைப் போல் தொண்ணூறு தாண்டி வாழ வேண்டும். இதை மனதாரச் சொல்கிறேன், நம்பு. இரண்டு டிக்கெட் எடுத்திருப்பதாக எழுதியிருந்தாய். ஒன்றைத் திருப்பிக் கொடுத்துவிடு. என்ன காரணம் சொல்வது என்று உனக்குத் தெரியும், நீ கெட்டிக்காரி. ஒரு மாதம் வேண்டுமானாலும் இரு, உனக்கு ஆக்கிப் போடுகிறேன், தலை பின்னிவிடுகிறேன், பழையபடி ஒரே கட்டிலில் படுத்துக்கொள்ளலாம். நீ மட்டும் வா.

உன்மேல் என்றும் அன்புள்ள,
அக்கா